நீல வெள்ளை

கணுக்காலப் பிடிச்சுத் தூக்காதீங்க மிசி,
என்கிறாள் யுவனிகா.
வயது ஆறு.
எலும்பு முறிந்தது பதினோரு முறை.
பன்னிரண்டாவதைச் சேர்க்கக் கூடாதாம்,
அது தும்மினபோது.

தெரியும்மா, என்கிறேன்.
தெரிந்தாலும் சொல்வாள்.
எக்ஸ்ரே எடுக்க வரும் அண்ணனிடம் சொல்வாள்,
தரை துடைக்க வருகிறவரிடம்
மலாயில் சொல்வாள்: பெலான், பெலான்.

தோளுக்கடியில் ஒரு கை, இடுப்புக்கடியில் ஒரு கை,
விரல் விரித்து, உள்ளங்கை முழுக்க.
இழுக்கக் கூடாது. தள்ளக் கூடாது.
எதிர்ப்பக்கம் ரொஸ்னா நிற்கிறாள்.
மூன்று எண்ணுகிறோம்.
மூன்றில் தூக்குவதில்லை,
மூன்று முடிந்து அவள் 'ம்' சொன்ன பிறகுதான்.
இது எந்தக் கையேட்டிலும் இல்லை.

தொடையில் நேற்றுப் போட்ட மாவுக்கட்டு
இன்னும் முழுசாகக் காயவில்லை.
ஈரக் கட்டை விரல்நுனியால் தூக்கினால்
குழி விழும்,
குழி உள்ளே போய்த் தோலை அழுத்தும்,
வெளியே ஒன்றும் தெரியாது.
விரல்நுனி அளவு அவசரம்
வாரக்கணக்கில் உள்ளேயே இருக்கும்.

மணிக்கொரு தரம் கால்விரல்.
நகத்தை அமுக்குகிறேன், வெளுக்கிறது.
விடுகிறேன்,
இரண்டு நொடிக்குள் சிவப்பு திரும்பணும்.
திரும்புகிறது.
மரத்துப்போச்சா? குத்துதா? ஆட்டு பார்ப்போம்.
"சுண்டுவிரல் தூங்குது, எழுப்பாதீங்க."
என் வயிறு ஒரு கணம் குளிர்ந்துவிட்டது.
பிறகு அதையும் ஆட்டிக் காட்டிச் சிரிக்கிறாள்,
கழுதை.

ஐந்தரை வருடத்துக்கு முன்
நான் கீழே அவசரப் பிரிவில் இருந்தேன்.
ஏழு மாதக் குழந்தையோடு லோகேஸ்வரி வந்தார்,
வேலை முடிந்த சீருடையில்,
கழுத்தில் தொழிற்சாலை அட்டை.
"டயப்பர் மாத்தினேன் மிசி,
டொக்குனு சத்தம் கேட்டுச்சு."
அவ்வளவுதான் சொன்னார்.
படத்தில் புது முறிவு ஒன்று,
தானே ஆறிய பழையவை இரண்டு.

நான்தான் எழுதினேன்:
தாய் சொல்லும் காரணம் காயத்துக்குப் பொருந்தவில்லை.

எழுத வேண்டியதுதான்.
இன்றைக்கு வந்தாலும் அப்படித்தான் எழுதுவேன்.
அந்த வாக்கியத்தில் பிழை இல்லை,
பலமுறை வாசித்துப் பார்த்துவிட்டேன்.

வெள்ளைக் கோட்டுப் போடாத இரண்டு பேர் வந்தார்கள்.
ஒன்பது நாள்
தன் குழந்தையைத் தனியாகத் தூக்க
அவருக்கு அனுமதியில்லை.
கதவோர நாற்காலியில்
உள்ளங்கைகளை மடியில் மலர்த்திவைத்து
அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.
டொக்.
அந்தச் சத்தம் எந்த விரலில் இருந்து வந்ததென்று
தேடுகிறவர் மாதிரி.

பத்தாம் நாள்
எலும்பு மருத்துவர் டார்ச்சு அடித்தார்.
கண்ணில் வெள்ளை வெள்ளையாக இல்லை.
மழைக்குக் கொஞ்சம் முன்னால் ஈசூன் வானம்,
அந்த நீலம்.
ஒன்பது நாளும்
ஈரப் பஞ்சால் அந்தக் கண்ணைத் துடைத்தவள் நான்.

யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.
ஒரே ஒருமுறை, போன வருடம்,
மின்தூக்கியில் லோகேஸ்வரி கேட்டார்,
"நீங்க அப்ப கீழ இருந்தீங்கல்ல?"
ஆமா, என்றேன்.
ஆறாம் மாடி வந்துவிட்டது.
கதவு மூடாமல் கை வைத்து
என்னை முதலில் இறங்கச் சொன்னார்.

இன்று இடியோடு மழை.
குடை சொட்டச் சொட்ட வருகிறார்,
பையில் பொரித்த மீகூன், இரண்டு பொட்டலம்.
ரொஸ்னா சாப்பிடப் போயிருக்கிறாள்.
படுக்கை மாற்றும் நேரம்.

எதிர்ப்பக்கம் வரீங்களா, என்கிறேன்.

கைகழுவிவிட்டு வருகிறார்.
குழந்தைக்கடியில் என் கை ஒன்றின் மேல்
அவர் விரல் பட்டு, ஈரமாய், நகர்ந்துகொள்கிறது.
ஒன்று. இரண்டு. மூன்று.

யுவனிகா 'ம்' சொல்லவில்லை.
கார்ட்டூன் முடியட்டும் என்கிறாள்,
இன்னும் நாலு நிமிஷம்தான்.

நாலு உள்ளங்கைகளும்
அடியில்
அப்படியே இருக்கின்றன.